கோப்பு எங்கே கெட்டது?

ஓர் அலுவலகத்தில் பத்துப் பேரோ இருபது பேரோ ஒரே சர்வரில் தங்கள் கோப்புகளை வைத்துப் பொதுவில் புழங்கிவரும்போது, நேற்று மாலைவரை ஒழுங்காகத் திறந்த கணக்கு ஏடு இன்று காலையில் திறக்க மறுப்பதும், எப்படியோ திறந்து பார்த்தால் நடுப்பக்கங்களில் பொருளற்ற குறிகளைக் காட்டுவதும், ஒரு வாரம் கழித்து அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு பிரிவில் ஒரு புகைப்படத்தின் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறமாகிக் கிடப்பதும் நேரக்கூடிய காரியங்களே. முதல் தடவை யாரும் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. பழைய பிரதி ஒன்றைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடருகிறார்கள். மறுபடியும் மறுபடியும் நேரும்போதுதான் வைரஸ் என்று சிலரும், மின்வெட்டு என்று சிலரும், புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாவின் கைவேலை என்று சிலரும் ஆளுக்கொரு காரணம் சொல்லத் தொடங்குகிறார்கள். அவற்றில் ஒன்று தற்செயலாக உண்மையாகவும் இருந்துவிடலாம். ஆனால் சேதமடைந்த கோப்பினுள்ளே எது, எவ்வளவு, எந்த இடத்தில் மாறியிருக்கிறது என்று பாராமல் சொல்லப்படும் எந்தக் காரணத்துக்கும் மதிப்புக் கிடையாது என்பது இந்த விஷயத்தில் என் உறுதியான அபிப்பிராயம்.

இத்தகைய சேதம் எவ்வளவு சாதுவாக வந்து எவ்வளவு தூரம் பரவக்கூடும் என்பதற்கு, அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்று பிரசித்தி பெற்ற கல்வி ஸ்தாபனத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் நல்ல உதாரணம். ஜெரோம் சால்ட்ஸர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் என்ற மூன்று கணினி அறிஞர்கள் 1984-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில் அதை விவரித்திருக்கிறார்கள். அந்த ஸ்தாபனத்தில் பல வலைப்பின்னல்கள் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தகவலை வாங்கி மாற்றிக் கொடுப்பதற்கு இடையிடையே ‘கேட்வே’ எனப்படும் கணினிகள் வைக்கப்பட்டிருந்தன. ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குச் செல்லும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்துடனும், அதில் உள்ள எண்களைக் கூட்டி எடுத்த ஒரு சரிபார்ப்புத் தொகை சேர்த்து அனுப்பப்பட்டது. வழியில் ஏதாவது மாறிவிட்டால் தொகை பொருந்தாது, பொட்டலம் திரும்பக் கேட்கப்படும். இவ்வளவு பந்தோபஸ்து இருக்கிறதே என்ற நம்பிக்கையில், மென்பொருள் எழுதியவர்கள் தாங்கள் தனியாகச் சரிபார்க்க வேண்டியதில்லை என்று இருந்துவிட்டார்கள். ஆனால் கேட்வே ஒன்றில், பொட்டலம் உள்ளே வந்து சேர்ந்து சரிபார்க்கப்பட்டபின், மறுபுறம் அனுப்புவதற்காக நினைவகத்தில் பிரதி செய்யப்படும் கணத்தில், ஏறக்குறைய பத்து லட்சம் பைட்டுகளுக்கு ஒரு தடவை இரண்டு பைட்டுகள் இடம் மாறிப்போயின. மாறியதற்குப் பின்னரே புதிய சரிபார்ப்புத் தொகை போடப்பட்டதால், தவறான தகவலும் சரியான முத்திரையுடன் வெளியே சென்றது. ஓர் இயக்க முறைமையின் மூல நிரல்கள் அந்தக் கேட்வே வழியாகப் பல தடவை போய்வந்து, ஒவ்வொரு தடவையும் சிறிது சிறிதாகக் கெட்டன. இறுதியில் அவற்றின் சொந்தக்காரர்கள், பழைய அச்சுத்தாள் பிரதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, வரி வரியாகக் கண்ணால் ஒப்பிட்டுத் திருத்த நேர்ந்தது.

தபால் பையை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டுபோகும் ஓட்டக்காரர்கள் எல்லாரும் அரக்கு முத்திரை கலையாமல் நாணயமாகக் கொண்டு சேர்த்தும், நடுவில் உள்ள ஒரு தபாலாபீசின் உள்ளறையில் பையைப் பிரித்துக் கட்டும்போது கடிதம் மாறிப்போனால், வெளியே உள்ள எந்த முத்திரையும் அதைக் காட்டிக்கொடுக்காது. கடிதம் எழுதியவரும் பெற்றவரும் தங்களுக்குள் ஒத்துப் பார்த்தாலன்றி உண்மை தெரியாது. சர்வரில் கெட்டுப்போகும் கோப்பின் கதையும் இதுவே. உங்கள் மேஜையில் உள்ள கணினியின் நினைவகம், அதன் வலை அட்டை, கேபிள், ஸ்விட்ச், சர்வரின் வலை அட்டை, சர்வரின் நினைவகம், வட்டுகளை ஆளும் கட்டுப்பாட்டு அட்டை, வட்டுக்குள்ளேயே இருக்கும் சிறிய நினைவகம் என்று இத்தனை இடங்களைக் கடந்துதான் நீங்கள் ‘சேமி’ என்று கட்டளையிட்ட எழுத்து வட்டின் தகட்டில் போய் உறைகிறது. இவற்றுள் ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் மட்டும் காவல் செய்கிறது. எல்லைக்கும் எல்லைக்கும் நடுவே காவல் இல்லை.

அந்தக் காவலுங்கூட நாம் நினைக்கும் அளவுக்குக் கடுமையானதன்று. இணையத்தில் பெரும்பாலான தகவலைச் சுமக்கும் டி.சி.பி. முறையின் சரிபார்ப்பு என்பது, தகவலை இரண்டிரண்டு பைட்டுகளாகப் பிரித்து எண்களாகக் கூட்டுவதுதான். ஐந்தையும் மூன்றையும் எந்த வரிசையில் கூட்டினாலும் எட்டே வருவதுபோல், அந்த இரட்டைகள் தங்களுக்குள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறுவதில்லை. 2000-ஆம் ஆண்டில் ஜொனாதன் ஸ்டோன், கிரெய்க் பார்ட்ரிட்ஜ் இருவரும் உண்மையான இணையப் போக்குவரத்தை ஆராய்ந்தபோது, கம்பிவழிச் சோதனையில் குற்றமற்றவை என்று தேறி வந்த பொட்டலங்களிலேயே 1,100-க்கு ஒன்றிலிருந்து 32,000-க்கு ஒன்றுவரை இந்தக் கூட்டுத்தொகையில் பொருந்தாமல் போயின என்று கண்டார்கள். கம்பியில் கெடாதது, கம்பியின் இரு முனைகளிலும் உள்ள யந்திரங்களுக்குள் கெட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். 1980-களில் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் என்.எஃப்.எஸ். முறை வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக, அது சார்ந்திருந்த யு.டி.பி. முறையின் சரிபார்ப்பையே சில உற்பத்தியாளர்கள் அடியோடு நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். சிறிது வேகத்துக்காக உண்மையை விலையாகக் கொடுத்த அந்தத் தீர்மானத்தை என்னால் சிறிதும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சரி, சேதம் நேர்ந்துவிட்டது, என்ன செய்வது? முதற்காரியம், கெட்ட கோப்பைத் தொடாமல் அப்படியே வேறிடத்தில் ஒரு பிரதி எடுத்து வைப்பது. அதுவே நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே சாட்சியம். பதற்றத்தில் பழுதுபார்க்கும் மென்பொருளை ஏவிவிட்டால், அது தனக்குப் புரியாததை எல்லாம் துடைத்தெறிந்து, சேதத்தின் அடையாளத்தையும் சேர்த்தே அழித்துவிடும். கூடவே, பழைய காப்புப் பிரதிகளின்மேல் புதியவை எழுதப்படுவதையும் உடனே நிறுத்த வேண்டும்; இல்லையேல் இன்றிரவே கெட்ட கோப்பு நல்ல கோப்பின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு, நல்லது என்று நிச்சயமாகத் தெரிந்த பழைய பிரதியையும் கெட்டதையும் எதிரெதிரே வைத்து, பைட்டுக்குப் பைட்டு ஒப்பிட வேண்டும். லினக்ஸில் ‘சி.எம்.பி.’ என்ற கட்டளையும் விண்டோசில் ‘எஃப்.சி.’ என்ற கட்டளையும் இதைச் சில விநாடிகளில் செய்து, எந்த இடங்களில் எந்த எண் எதுவாக மாறியிருக்கிறது என்று பட்டியலிட்டுத் தந்துவிடும்.

அந்தப் பட்டியலை நிதானமாகப் படிப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முழுக் கோப்பிலும் ஒரே ஒரு பிட் மாத்திரம், பூஜ்யம் ஒன்றாகவோ ஒன்று பூஜ்யமாகவோ, புரண்டிருந்தால் முதல் சந்தேகம் நினைவகத்தின்மேல் விழ வேண்டும். ஒரு பிட்தானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. கணினியில் இலக்கங்களுக்குத் தரப்பட்டுள்ள குறியீட்டில் 1 என்பதற்கும் 9 என்பதற்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். ஆயிரம் ரூபாய் ஒன்பதாயிரம் ரூபாய் ஆகிவிடும், கோப்பு எவ்விதத் தடையுமின்றித் திறக்கும். தமிழ் எழுத்துகளில் இந்த அபாயம் இன்னும் நுட்பமானது. யூனிகோட் அட்டவணையில் ரகரமும் றகரமும் அடுத்தடுத்த எண்களைப் பெற்றிருக்கின்றன. லகரமும் ளகரமும் அப்படியே. தந்நகரமும் றன்னகரமும் அப்படியே. இந்த மூன்று ஜோடிகளிலும் கடைசி பிட் ஒன்று புரண்டால் ஒன்று மற்றொன்றாகிவிடுகிறது. ‘கரை’ என்பது ‘கறை’ ஆகும். ‘வலம்’ என்பது ‘வளம்’ ஆகும். இவை நல்ல தமிழ்ச் சொற்களாதலால் எந்த எழுத்துப் பிழைதிருத்தியும் இவற்றைப் பிடிக்காது. படிக்கிறவர் அச்சுக்கோத்தவர்மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

நினைவகத்தில் பிட் புரள்வது ஏதோ அபூர்வ நிகழ்ச்சி என்றே பல காலம் நம்பப்பட்டது. கூகுள் நிறுவனத்தின் கணினிகளை வைத்து பியாங்கா ஷ்ரோடரும் அவருடைய சகாக்களும் செய்து 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அந்த நம்பிக்கையைக் கலைத்தது: ஓராண்டில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட நினைவக அட்டைகளில் பிழை தென்பட்டது. அங்கே பிழை தென்பட்டதற்குக் காரணம், அவை ஈ.சி.சி. எனப்படும் பிழைதிருத்தும் வகையைச் சேர்ந்தவை. அந்த யுக்தியின் மூலகர்த்தா பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ரிச்சர்ட் ஹாமிங். 1940-களின் பிற்பகுதியில், சனி, ஞாயிறுகளில் ஆளில்லாமல் ஓடவிட்ட ரிலே கணினி, பிழை ஒன்றைக் கண்டதும் அவருடைய கணக்கைக் கைவிட்டு அடுத்தவர் கணக்குக்குப் போய்விடுவதைத் திங்கட்கிழமைதோறும் பார்த்து மனம் நொந்த அவர், பிழை இருக்கிறது என்று அறியக்கூடிய யந்திரம் அது இருக்கும் இடத்தையும் அறிந்து தானே ஏன் திருத்திக்கொள்ளலாகாது என்று யோசித்து, 1950-இல் தம் முறையை வெளியிட்டார். பெரும்பாலான சாதாரண மேஜைக் கணினிகளில் இந்த வசதி கிடையாது. அத்தகைய கணினி ஒன்றையே பொதுச் சர்வராக வைத்துக்கொண்டிருக்கும் அலுவலகங்கள் நம் நாட்டில் ஏராளம்.

பட்டியலில் தென்படும் சேதம் ஒரு பிட்டாக இராமல், 512 பைட்டுகளோ 4,096 பைட்டுகளோ கொண்ட முழுத் துண்டாக, பெரும்பாலும் பூஜ்யங்களாகவோ வேறொரு கோப்பின் உள்ளடக்கமாகவோ இருந்தால், பார்வையை வட்டின் பக்கம் திருப்ப வேண்டும். ஏனெனில் வட்டு எழுதுவதும் படிப்பதும் அந்த அளவுத் துண்டுகளில்தான். மின்சாரம் போகும் சமயத்தில் ‘எழுதிவிட்டேன்’ என்று வட்டு சொல்லிய தகவல் உண்மையில் அதன் தற்காலிக நினைவிலேயே தங்கி மறைந்திருக்கக்கூடும். துண்டின் அளவு 64 கிலோபைட்டாக இருந்தால், பல வட்டுகளைச் சேர்த்து ஆளும் ரெய்ட் கட்டுப்பாட்டு அட்டையையும் விசாரிக்க வேண்டும். ஜெனீவாவுக்கு அருகே உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பெர்ண்ட் பான்சர்-ஸ்டைண்டல் 2007-இல் செய்த பரிசோதனை இதற்குச் சான்று. 3,000-க்கும் மேற்பட்ட கணினிகளில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை 2 ஜிகாபைட் கோப்பு ஒன்றை எழுதித் திரும்பப் படித்து ஒப்பிட்டதில், ஐந்து வாரங்களில் 100 கணினிகளில் 500 பிழைகள் வெளிப்பட்டன. அவற்றில் நூற்றுக்கு எண்பது 64 கிலோபைட் அளவில் இருந்தன. ஒருவகை வட்டின் உள்நிரலுக்கும் கட்டுப்பாட்டு அட்டைக்கும் இருந்த பொருத்தமின்மையே அவற்றுக்குக் காரணம் என்று தெரிந்தது. பிழையின் அளவு ஒரே மாதிரியாக இருந்ததை ஒருவர் கவனித்ததனால் அது கண்டுபிடிக்கப்பட்டது.

கெட்ட கோப்பு நல்லதைவிடச் சிறிது நீண்டிருந்து, 10 என்ற மதிப்புள்ள பைட்டுகளுக்கெல்லாம் முன்னால் 13 என்ற மதிப்புள்ள பைட் முளைத்திருக்குமானால், யந்திரங்கள் குற்றமற்றவை. வரி முடிவைக் குறிப்பதில் விண்டோசுக்கும் யூனிக்ஸுக்கும் உள்ள வேற்றுமையைச் சரிசெய்வதாக எண்ணி, படக்கோப்பையோ சுருக்கிய கோப்பையோ உரைக்கோப்பாகப் பாவித்து யாரோ அனுப்பியிருக்கிறார்கள். கோப்பு முழுவதும் தலைகால் தெரியாமல் கலைந்து, ஒரே இரவில் நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு அவ்விதமே ஆகியிருந்தால், அது பணம் பறிக்கும் ரான்சம்வேர் ஆகவே இருக்கும். சர்வரை வலையிலிருந்து கழற்றிவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

இனி, பல பேர் ஒரே சமயத்தில் எழுதும் தரவுக் கோப்புகளுக்கு மட்டும் நேரும் சேதம் ஒன்று உண்டு. சிறு அலுவலகங்களின் பழைய கணக்கு மென்பொருள்கள் பலவற்றில், தரவு முழுவதும் சர்வரில் உள்ள ஒரு பொதுக் கோப்புறையில் கிடக்க, ஒவ்வொரு மேஜைக் கணினியும் நேராக அதனுள் கைவைத்து எழுதும். விண்டோஸ் கோப்புப் பகிர்வு முறையில், ஒரு கோப்பை ஒருவர் மட்டும் திறந்திருக்கும்வரை, அவர் எழுதுவதைத் தம் கணினியிலேயே சேர்த்து வைத்துக்கொண்டு பிற்பாடு அனுப்பலாம் என்று சர்வர் அனுமதி கொடுக்கிறது. ‘ஆப்லாக்’ என்று அதற்குப் பெயர். இன்னொருவர் அதே கோப்பைத் திறக்க வந்ததும், சேர்த்து வைத்ததை உடனே அனுப்பிவிடும்படி முதலாமவருக்குச் செய்தி போகும். கேபிள் தளர்ந்தோ ஸ்விட்ச் பழுதுபட்டோ அச்செய்தி காலத்தில் சேராவிட்டால், முதலாமவர் எழுதியது நின்றுபோய், இரண்டாமவர் பழைய நிலையின்மேல் எழுதிவிடுவார். இங்கே ஒவ்வொரு துண்டும் தனித்தனியே பார்த்தால் பிழையற்றது; சேர்த்துப் பார்த்தால்தான் பாதி ஒருவருடையதும் பாதி மற்றவருடையதுமாக இருக்கும். தரவுக் கோப்புகள் மாத்திரம் கெட்டு, படங்களும் ஆவணங்களும் சுகமாக இருக்கும் அலுவலகத்தில் முதலில் இதையே ஆராய வேண்டும். லினக்ஸ் சர்வர்களில் இந்தப் பகிர்வு முறையை நடத்தும் சாம்பா மென்பொருளில் குறிப்பிட்ட வகைக் கோப்புகளுக்கு மட்டும் இந்த அனுமதியை மறுத்துவிட வழி இருக்கிறது.

நம் பத்திரிகை அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் வேலை செய்வோர் மற்றொன்றையும் அறிந்திருப்பார்கள். பழைய தமிழ்க் கோப்பு ஒன்று குறிகளின் குவியலாகத் திறந்தால் அது கெட்டுவிட்டது என்று சொல்வதற்கில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் வழங்கிய டாம், டாப் குறியீடுகளிலோ, திஸ்கியிலோ எழுதப்பட்டு, உரிய எழுத்துரு இல்லாமல் திறக்கப்பட்டிருக்கலாம். யூனிகோட் கோப்பையே ஐரோப்பியக் குறியீடு என்று தவறாகக் கருதித் திறந்தால், ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் முன்னால் தலையில் கோடிட்ட ஒரு ரோமன் எழுத்து விடாமல் வந்துகொண்டிருக்கும். ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் குறி, கோப்பு நலமாக இருப்பதற்கே அடையாளம். அதைப் பார்த்துப் பயந்து, அப்படியே மறுபடி சேமித்துவிடுவதில்தான் உண்மையான அபாயம் இருக்கிறது.

சேதத்தின் உருவம் தெரிந்தபின், இடத்தை நெருக்கிப் பிடிக்க வேண்டும். ‘ஷா-256’ என்ற கணக்கீடு எவ்வளவு பெரிய கோப்பையும் 64 குறிகள் கொண்ட ஒரு முத்திரை எண்ணாகச் சுருக்கித் தரும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் எண் முழுவதும் மாறிவிடும். அதே கோப்புக்குச் சர்வரிலேயே உட்கார்ந்து ஒரு தடவையும், மேஜைக் கணினியிலிருந்து வலை வழியாக ஒரு தடவையும் இந்த எண்ணை எடுத்துப் பார்க்க வேண்டும். சர்வரில் சரியாகவும் மேஜையில் தவறாகவும் வந்தால் குற்றம் வழியிலோ மேஜையிலோ இருக்கிறது. சர்வரிலேயே அடுத்தடுத்துப் படிக்கையில் எண் மாறி மாறி வந்தால், நினைவகம் பழுதாக இருக்க வேண்டும், அல்லது இரட்டைப் பிரதியாக வைத்த இரு வட்டுகள் தங்களுக்குள் முரண்பட்டிருக்க வேண்டும். எப்போதும் ஒரே தவறான எண் வந்தால், கோப்பு தவறாகவே எழுதப்பட்டுவிட்டது. பிறகு கேபிள், வலை அட்டை, நினைவக அட்டை என்று ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் நோய் தீர்ந்தாலும் காரணம் தெரியாமல் போகும். நினைவகச் சோதனை மென்பொருளை ஓர் இரவு முழுவதும் ஓடவிட வேண்டும். வட்டு தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவேட்டில், கேபிள் வழித் தகவல் பிழைகளுக்கென்று 199 என்ற எண்ணுள்ள வரி ஒன்று உண்டு; அது நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தால், வட்டை மாற்றுவதற்கு முன் சில ரூபாய் பெறும் கேபிளை மாற்றிப் பார்ப்பது விவேகம்.

இத்தனைக்கும் அகப்படாத பழுதுகளும் உண்டு. ஃபேஸ்புக் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2021-இல் வெளியிட்ட விவரம் ஒன்று படிப்பவரைத் திகைக்க வைக்கிறது. சுருக்கி வைத்த கோப்புகளை விரிக்கும்போது சில கோப்புகள் காணாமற்போயின. நெடுநாள் தேடியபின், ஒரு கணினியின் மையச் செயலியில் இருந்த பல உட்கருக்களில் ஒன்றே ஒன்று, 1.1 என்ற எண்ணை 53 தடவை தன்னால் பெருக்கி முழு எண்ணாக்கினால் வரவேண்டிய 156-க்குப் பதிலாகப் பூஜ்யம் என்று விடை சொல்வது தெரிந்தது. கோப்பின் அளவு பூஜ்யம் என்றதும் மென்பொருள் அதை வெற்றுக் கோப்பென்று தள்ளிவிட்டது. 52 தடவை பெருக்கச் சொன்னால் அதே உட்கரு சரியாகவே பெருக்கியது.

ஆகவே தடுப்பு ஏற்பாட்டை யந்திரங்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிட முடியாது. ஒரே கோப்பை இரண்டு வட்டுகளில் எழுதிவைக்கும் ரெய்ட் முறை, வட்டு முற்றிலும் செத்துப்போனால் காப்பாற்றும். இரண்டு வட்டுகளும் இரண்டு விதமாகச் சொன்னால் எது மெய் என்று அதற்குத் தெரியாது. இதனை உணர்ந்துதான் ஸன் நிறுவனத்தில் 2001-இல் தொடங்கி உருவாக்கப்பட்ட இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமையில், ஒவ்வொரு துண்டின் சரிபார்ப்பு எண்ணையும் அத்துண்டோடு வைக்காமல், அதைச் சுட்டும் மேல்துண்டில் வைத்தார்கள். படிக்கும்போதெல்லாம் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் மறுபிரதியிலிருந்து தானே திருத்திக்கொள்ளும். ஒருவரும் திறவாத கோப்புகளையும் அவ்வப்போது அது முழுவதும் படித்துச் சோதிக்கும்படி கட்டளையிடலாம். இது வீண் எச்சரிக்கையன்று. 15.3 லட்சம் வட்டுகளை 41 மாதங்கள் கவனித்து 2008-இல் வெளியான ஆராய்ச்சியில், வட்டு எவ்விதப் பிழையும் சொல்லாமல் தவறான தகவலைத் தந்த சந்தர்ப்பங்கள் நான்கு லட்சத்துக்கும் மேல் பதிவாகியிருக்கின்றன.

பழைய தமிழ் நூல்களையும் ஏட்டுச் சுவடிகளையும் படமெடுத்துக் கணினியில் சேர்த்து வைக்கும் நற்பணியில் இன்று பலர் ஈடுபட்டிருக்கிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் கோப்புகளில் பெரும்பாலானவை ஆண்டுக்கணக்கில் யாராலும் திறக்கப்படாமல் கிடக்கப்போகின்றன. மூலச் சுவடி அதற்குள் உதிர்ந்தும் போய்விடலாம். ஆதலால் ஒரு நூலைப் படமெடுத்து முடித்த அன்றே, அதன் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 எண்ணை எடுத்துப் பட்டியலாக்கி, கோப்புகளோடு ஒரு பிரதியும் வேறு இடத்தில் ஒரு பிரதியுமாக வையுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவையாவது எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் கலிபோர்னியா டிஜிட்டல் நூலகமும் சேர்ந்து வகுத்த ‘பேகிட்’ என்ற ஏற்பாடு இதற்கென்றே இருக்கிறது. அதற்குரிய மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.